'சார்ஜ்' என்ற ஒரே சொல்லுக்குப் பொருத்தமான தமிழ்ச்சொல்லைத் தேர்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

குழித்துறையில் ஜாப் டைப்பிங்கும் மொழிபெயர்ப்பும் செய்து பிழைக்கிறேன். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். பாறசாலையில் நிலம், நெய்யாற்றின்கரையில் வழக்கு, திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை என்று எங்கள் மேசைக்கு எல்லா வகைக் காகிதமும் வரும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நீளமான சட்டச் சொற்களில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. தெரியாத சொல் என்று பயந்து அகராதியைத் திறந்துவிடுவார்கள். தெரிந்த சொல் என்று நினைப்பதில்தான் வழுக்குவார்கள். அப்படி வழுக்கிவிடும் சொற்களில் முதலிடம் 'சார்ஜ்' என்பதற்கு.

கீழே சொல்லும் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பிழையை வேறொருவர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும்வரை நமக்குத் தெரியாது.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முழுக் காகிதமும் கையில் இருக்க வேண்டும். "இந்த ஒரு பத்தியை மட்டும் தமிழாக்கிக் கொடுங்கள்" என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். வாங்காதீர்கள். தலைப்பும் முத்திரையும் இல்லாத பத்தியில் 'சார்ஜ்' என்று இருந்தால், அது வங்கி எழுதியதா, காவல் நிலையம் எழுதியதா என்பதே தெரியாது.

இரண்டு அகராதிகள் வேண்டும். ஒன்று, பொருள்களை எண் போட்டுப் பிரித்துக் காட்டும் ஆங்கில அகராதி. மற்றொன்று, தமிழக அரசின் ஆட்சிச் சொல்லகராதி. அரசு அலுவலகத்துக்குப் போகிற காகிதத்தில் நம் சொந்தக் கைவண்ணம் வேண்டாம். அங்கே புழங்கும் சொல்லையே போடுவது நல்லது.

பிறகு ஒரு பழைய நோட்டு. எந்தக் காகிதத்தில் எந்தச் சொல் போட்டோம் என்று எழுதி வைப்பதற்கு. ஒரே கட்சிக்காரர் ஆறு மாதம் கழித்து அடுத்த பத்திரத்தோடு வருவார். முதல் பத்திரத்தில் ஒரு சொல், இரண்டாவதில் வேறொரு சொல் என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை கொடுத்தவர்கள் நாமாகிவிடுவோம்.

2. பொருளைத் தேடாதீர்கள், பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, சொல்லைப் பார்த்ததும் தமிழைத் தேடுவது. அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் சின்னச் சொல்தான் பாதி விடையைச் சொல்லிவிடும்.

'சார்ஜ் ஃபார்' என்றால் பெரும்பாலும் கட்டணம். 'சார்ஜ் ஆன்' என்றால் சொத்தின் மீதோ நிதியின் மீதோ ஏற்றிய பொறுப்பு. 'சார்ஜ் அட்' என்றால் பாய்ந்து வருவது. 'சார்ஜ்டு வித்' என்பது மட்டும் இரட்டைக் குழந்தை: கொலை, திருட்டு போன்ற சொல் பின்னால் வந்தால் குற்றம் சாட்டப்பட்டவர், சாலையைப் பராமரிப்பது, கணக்கை எழுதுவது போன்ற வேலை பின்னால் வந்தால் அந்தக் கடமை ஒப்படைக்கப்பட்டவர். நேர்மையாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் மனிதரை ஒரு வரியில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியும் என்பதால் இந்த இடத்தில் நிதானம் தேவை.

'இன் சார்ஜ் ஆஃப்', 'இன் தி சார்ஜ் ஆஃப்' இரண்டுக்கும் நடுவே 'தி' ஒன்றுதான் வித்தியாசம். பொருளோ தலைகீழ். முதலாவதில் செவிலியர் குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கிறார். இரண்டாவதில் குழந்தை செவிலியரின் பொறுப்பில் இருக்கிறது. எழுவாய் யார் என்று விரலை வைத்துப் பார்த்த பிறகே தட்டச்சு செய்யுங்கள்.

3. சுமை எது, ஏற்றியவர் யார் என்று கேளுங்கள்

இந்தச் சொல் வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த பழைய லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'கார்', 'கார்கோ' இரண்டும் அதே குடும்பம். வரலாறு இதற்கு மேல் நமக்கு வேண்டாம். ஆனால் 'சுமை ஏற்றுதல்' என்ற அந்த ஒற்றைப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், மனப்பாடம் செய்யாமலே முக்கால்வாசிப் பொருளைப் பிடித்துவிடலாம்.

தமிழும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. குற்றம் சுமத்துகிறோம். பொறுப்பை ஏற்கிறோம். பாட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறோம். சொத்தின் மேல் கடனை ஏற்றுகிறோம். கட்டணத்தைக்கூட, பிடிக்காதபோது, நம் தலையில் கட்டிவிட்டதாகத்தான் சொல்கிறோம்.

ஆகவே ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகள்: ஏற்றப்பட்ட சுமை எது? யார் ஏற்றினார்? யார் மீது, அல்லது எதன் மீது? பணம் என்ற சுமையை மனிதர் மீது ஏற்றினால் கட்டணம். பணம் என்ற சுமையை நிலத்தின் மீது ஏற்றினால் சொத்துப் பொறுப்பு. பழியை மனிதர் மீது ஏற்றினால் குற்றச்சாட்டு. வேலையை ஏற்றினால் பொறுப்பு.

இந்தச் சட்டகத்துக்குள் அடங்காதது பாய்ந்து வரும் 'சார்ஜ்'. அதற்குச் சுமையைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'லத்தி சார்ஜ்' என்றால் தடியடி. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காட்டில் யானை 'சார்ஜ்' செய்தது என்று அறிக்கை வந்தால் யானை பாய்ந்தது அல்லது துரத்தியது. 'மாக் சார்ஜ்' என்பது பயமுறுத்திவிட்டுப் பாதியில் நின்றுவிடும் பொய்ப் பாய்ச்சல்.

4. எந்தப் பெட்டியில் போடுவது?

கேள்விக்கு விடை கிடைத்ததும் சொல்லை அதற்குரிய பெட்டியில் போட வேண்டும். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு ஆபத்தானது அல்ல. கட்டணப் பெட்டி எளிது. குற்றமும் சொத்தும்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

கட்டணம். 'சர்வீஸ் சார்ஜ்' என்றால் சேவைக் கட்டணம். 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்றால் இலவசம். இங்கே ஒரே ஒரு கண்ணி உண்டு. கேரளத்து மின்கட்டண ரசீதில் 'ஃபிக்ஸ்ட் சார்ஜ்', 'எனர்ஜி சார்ஜ்' என்று இரண்டு வரிகள் இருக்கும். மின்சாரம் என்றதும் இயற்பியல் பாடம் நினைவுக்கு வந்து, ஒரு பையன் முதல் வரியை 'நிலை மின்னூட்டம்' என்று எழுதிக் கொண்டுவந்தான். சீப்பைத் தலைமுடியில் தேய்த்தால் காகிதத் துணுக்கு ஒட்டுகிறதே, அது நிலை மின்னூட்டம். ரசீதில் இருப்பது நிலைக் கட்டணம். இரண்டாவது வரி, எரித்த யூனிட்டுகளுக்கான கட்டணம்.

மின்னூட்டம். அளவைச் சொல்லும்போது மின்னூட்டம். அதன் அலகு கூலூம். பாட்டரியில் மின்சாரத்தை நிரப்பும் செயலைச் சொல்லும்போது மின்னேற்றம். அளவுக்கும் செயலுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். பேச்சுவாக்கில் 'போனில் சார்ஜ் இல்லை' என்பதை அப்படியே விடுவதில் தவறில்லை. அதை மாற்றினால்தான் வாசகர் நின்று யோசிப்பார்.

பொறுப்பு. 'டேக்கிங் சார்ஜ்' பொறுப்பேற்பு. 'ஹேண்டிங் ஓவர் சார்ஜ்' பொறுப்பு ஒப்படைப்பு. 'அடிஷனல் சார்ஜ்' கூடுதல் பொறுப்பு. பதவிப் பெயரோடு வரும்போது மட்டும் கவனம். தமிழக அலுவலக வழக்கில் 'வட்டாட்சியர் (பொறுப்பு)' என்று அடைப்புக்குறிக்குள் போட்டால், நிரந்தர வட்டாட்சியர் இல்லாத இடத்தில் தற்காலிகமாகப் பார்க்கிறவர் என்று பொருள். சட்டத்தில் வரும் 'ஆஃபீஸர் இன் சார்ஜ் ஆஃப் எ போலீஸ் ஸ்டேஷன்' அப்படியல்ல. அவர் நிலையத்தின் பொறுப்பு அலுவலர். அவருக்கும் அடைப்புக்குறி போட்டால் தற்காலிகம் ஆக்கிவிடுகிறோம்.

குற்றச்சாட்டு. இதில் காலவரிசையைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. முதலில் முதல் தகவல் அறிக்கை. விசாரணை முடிந்ததும் காவல்துறை நீதிமன்றத்தில் கொடுப்பது குற்றப்பத்திரிகை. பேச்சில் 'சார்ஜ் ஷீட்'. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 173-ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193-ஆம் பிரிவு. அந்தக் குற்றப்பத்திரிகையைப் படித்துப் பார்த்து, இன்ன குற்றத்துக்காக இவரை விசாரிக்கப் போகிறேன் என்று நீதிமன்றம் எழுதுவதுதான் 'சார்ஜ்'. அப்படி எழுதும் செயலுக்குக் குற்றச்சாட்டு வனைதல் என்று சட்டத் தமிழில் பெயர். குற்றப்பத்திரிகை காவல்துறையின் கை. குற்றச்சாட்டு வனைவு நீதிமன்றத்தின் கை. இரண்டையும் ஒன்றாக எழுதினால் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே மாறிவிடுகிறது. அரசு ஊழியருக்கு மேலதிகாரி கொடுக்கும் 'சார்ஜ் மெமோ' வேறு. அது துறை நடவடிக்கை, குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அதில் நீதிமன்றத்தை இழுக்க வேண்டாம்.

சொத்தின் மீதான பொறுப்பு. நான் சூடுபட்ட இடம் இது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விற்பனைப் பத்திரத்தில் 'ஃப்ரீ ஃப்ரம் ஆல் சார்ஜஸ்' என்று இருந்ததை 'எவ்விதக் கட்டணமும் இன்றி' என்று எழுதிக் கொடுத்தேன். நிலத்தை இலவசமாகக் கொடுத்தது போல ஆகிவிட்டது. கடன் கொடுக்க இருந்த வங்கியின் வக்கீல் அந்த வரியில் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்றால் இலவசம், 'ஃப்ரீ ஃப்ரம் ஆல் சார்ஜஸ்' என்றால் அவற்றிலிருந்து விடுபட்டது என்ற பாடத்தை இரண்டு நாள் கூலியைக் கொடுத்து வாங்கினேன்.

சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882-இன் 100-ஆம் பிரிவு இதை விளக்குகிறது: ஒருவரின் அசையாச் சொத்து இன்னொருவருக்குச் சேர வேண்டிய பணத்துக்குப் பிணையாக நிற்கிறது, ஆனால் அது அடமானம் ஆகவில்லை என்றால் அது 'சார்ஜ்'. அடமானத்தில் சொத்தில் உள்ள ஓர் உரிமை கடன் கொடுத்தவருக்கு மாறுகிறது. இதில் எந்த உரிமையும் மாறுவதில்லை. பணம் வரவில்லையென்றால் அந்தச் சொத்திலிருந்து வசூலிக்கலாம், அவ்வளவே. விற்றவருக்கு விலையில் பாக்கி இருந்தால், உடைமை உரிமை வாங்கியவருக்குப் போன பிறகும் அந்தப் பாக்கி சொத்தின் மேல் நிற்பது இந்த வகை; அது 55-ஆம் பிரிவில் வருகிறது. மனைவிக்குத் தர வேண்டிய ஜீவனாம்சத்தை நிலத்தின் மேல் ஏற்றி வைப்பதும் இப்படித்தான்.

ஆகவே 'அடமானம்' என்று எழுதாதீர்கள். வெறும் 'பொறுப்பு' என்றும் எழுதாதீர்கள். அது பதவிப் பொறுப்போடு குழம்பும். 'சொத்தின் மீதான பணப் பொறுப்பு' என்று நான் விரித்தே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. 'வில்லங்கம்' இதைவிடப் பெரிய குடை. அடமானம், பணப் பொறுப்பு, நீதிமன்றப் பற்றுகை எல்லாம் அதன் கீழே அடங்கும். ஆங்கிலத்தில் 'என்கம்பரன்ஸ்' என்று இருந்தால் மட்டும் அதைப் போடுங்கள்.

5. ஒத்த சொல்லை மாற்றி வைத்துச் சோதியுங்கள்

பெட்டி சரிதானா என்ற சந்தேகம் போகவில்லையென்றால், ஆங்கில வாக்கியத்தில் 'சார்ஜ்' இருக்கும் இடத்தில் அதன் பொருள் கொண்ட இன்னொரு சொல்லை வைத்துப் படியுங்கள். 'ஃபீ' பொருந்தினால் கட்டணம். 'அக்யூசேஷன்' பொருந்தினால் குற்றச்சாட்டு. 'கஸ்டடி', 'கேர்' பொருந்தினால் பொறுப்பு. 'டெபிட்' பொருந்தினால் கணக்கில் பற்று எழுதுவது. எதுவும் பொருந்தவில்லையென்றால் மூன்றாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

சோதனைக்குப் பொருந்தும் சொல் வேறு, அதற்குச் சமமான சொல் வேறு என்பதை மறக்க வேண்டாம். 'ஃபேர்' பயணத்துக்கு மட்டும்; 'டோல்' சாலைக்கோ பாலத்துக்கோ; 'ஃபீ' வக்கீல், மருத்துவர், பள்ளி ஆகியோருக்கு. தமிழிலும் அப்படித்தான்: சுமை தூக்குபவருக்குக் கூலி, வீட்டுக்கு வாடகை, பஸ்ஸுக்குக் கட்டணம். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் 'சார்ஜஸ்' என்று ஒரே தலைப்பில் கூட்டியிருந்தாலும், தமிழில் ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரைக் கொடுங்கள். 'லோடிங் சார்ஜ்' ஏற்றுகூலிதான். 'ஏற்றுதல் கட்டணம்' என்று எழுதினால் சந்தையில் யாருக்கும் புரியாது.

'அலிகேஷன்' வெறும் புகார்ப் பேச்சாகவும் இருக்கலாம். 'சார்ஜ்' என்று வந்துவிட்டால் யாரோ அதிகாரத்தோடு எழுதிவிட்டார் என்று பொருள். இரண்டையும் ஒரே காகிதத்தில் கண்டால் முன்னதற்குப் 'புகார்' என்றோ 'குற்றஞ்சாட்டல்' என்றோ போட்டு வேறுபடுத்துங்கள்.

6. முன்னால் ஒட்டிக்கொள்ளும் எழுத்துகள்

'ஓவர்சார்ஜ்' கூடுதலாகப் பணம் கறப்பது, பாட்டரி என்றால் அளவுக்கு மீறி மின்னேற்றுவது. 'சர்சார்ஜ்' கட்டணத்தின் மேல் கட்டணம். 'ரீசார்ஜ்' போனுக்கு ரீசார்ஜ். கிணற்றுக்கும் நிலத்துக்கும் வந்தால் நிலத்தடி நீர்ச் செறிவூட்டல். இவை சிரமமில்லை.

சிரமம் 'டிஸ்சார்ஜ்'. ஏற்றிய சுமையை இறக்குவது என்று படித்தால் போதும், எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். கடனை இறக்கினால் கடன் தீர்த்தல். அணையிலிருந்து இறக்கினால் நீர் வெளியேற்றம். மருத்துவமனையிலிருந்து என்றால் வீட்டுக்கு அனுப்புதல். ஒரே மருத்துவமனைச் சுருக்கத்தில் 'டிஸ்சார்ஜ் ஃப்ரம் லெஃப்ட் இயர்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே இடது காதில் சீழ் வடிகிறது. இடது காதை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

நீதிமன்றக் காகிதத்தில் 'டிஸ்சார்ஜ்' என்றால் விடுவிப்பு. குற்றச்சாட்டை வனையும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே விடுவது. அந்த விசாரணை முடிந்து குற்றமற்றவர் என்று விடுவது 'அக்விட்டல்', அதாவது விடுதலை. பத்திரிகைகள் இரண்டையும் கலந்து எழுதுகின்றன. நாம் எழுதக் கூடாது. வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் இந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள்.

7. நடுவில் மலையாளம் வந்தால்

நம் பக்கத்தில் காகிதம் மூன்று மொழியில் பயணம் செய்யும். 1956 நவம்பர் 1-க்கு முன்பு விளவங்கோடு, கல்குளம் எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய பத்திரங்களில் மலையாளம் சகஜம். அதை ஆங்கிலத்துக்கு யாரோ மாற்றியிருப்பார்கள். அதிலிருந்து நாம் தமிழுக்கு மாற்றுவோம். மூலம் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். ஆங்கிலத்தில் மங்கிப்போன பொருள் மலையாளத்தில் தெளிவாக இருக்கும். 'சும‌தல' என்று இருந்தால் பதவிப் பொறுப்பு, 'குற்றபத்ரம்' என்றால் குற்றப்பத்திரிகை.

ஆனால் மூலத்தைப் பார்த்த தைரியத்தில் ஒலியை அப்படியே தமிழில் இறக்கிவிடக் கூடாது. வேலைக்கு வந்த ஒரு பெண், "அக்கா, இது நமக்குத் தெரிந்த சொல்தானே" என்று மலையாளத்து 'பாத்யத'வைத் தமிழில் 'பாத்தியதை' ஆக்கினாள். மூலத்தில், இந்த நிலத்தின் மேல் வேறு 'பாத்யத' எதுவும் இல்லை என்று இருந்தது. மலையாளத்தில் அது கடன்சுமை. தமிழில் பாத்தியதை என்றால் உரிமை. 'விற்பவருக்கு இந்த நிலத்தில் வேறு பாத்தியதை எதுவும் இல்லை' என்று அவள் எழுதியதைப் படித்தால், தனக்கு உரிமையே இல்லாத நிலத்தை ஒருவர் விற்க வந்திருக்கிறார். ஒரே ஒலி, எல்லைக்கு அந்தப்பக்கம் சுமை, இந்தப்பக்கம் சொத்து.

இன்னொன்று, 'கேஸ் சார்ஜ் செய்து' என்ற மலையாள வழக்கு. பேச்சிலும் செய்தியிலும் அது பெரும்பாலும் வழக்குப் பதிவு செய்ததைத்தான் குறிக்கும். குற்றப்பத்திரிகை வந்துவிட்டது என்று அவசரப்படாமல், காகிதத்தில் பிரிவு எண்ணும் தேதியும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

8. ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டு வாசித்துக் காட்டுங்கள்

தட்டச்சு முடிந்ததும் மூலத்தைக் கவிழ்த்து வையுங்கள். ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் தமிழை மட்டும் வாசியுங்கள். எனக்கு அடுத்த கடையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர்தான் இந்த உதவியைச் செய்கிறார். அவர் திருப்பிக் கேட்கும் கேள்வியை மட்டும் கவனியுங்கள். கட்டணம் என்று எழுதிய இடத்தில் "எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். பொறுப்பு என்ற இடத்தில் "எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்க வேண்டும். குற்றச்சாட்டு என்ற இடத்தில் "என்ன செய்தாராம்?" என்று. சொத்தின் மீதான பணப் பொறுப்பு என்ற இடத்தில் "யாருக்குக் கொடுக்க வேண்டுமாம்?" என்று.

கேள்வி இடம் மாறி வந்தால் அந்த வரிக்குப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, மூலத்தை நிமிர்த்தி, இரண்டாவது படியிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி செய்யுங்கள். கையெழுத்தும் முத்திரையும் அதற்குப் பிறகு.